குழந்தையை எல்லோரும் விசாரிக்கிறார்கள்... அம்மாவை?

"குழந்தை நல்லா பால் குடிக்குதா? ராத்திரி தூங்குதா? எடை ஏறியிருக்கா?"

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் இந்த மூன்று கேள்வியும் கூடவே நுழைந்துவிடும். நல்ல கேள்விகள்தான். ஆனால் "நீ தூங்கினியாம்மா? நீ நேரத்துக்குச் சாப்பிட்டியா? மனசு எப்படி இருக்கு?" என்று பெற்றவளைப் பார்த்துக் கேட்பவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்!

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வசதியான ஓர் இடம் நம் ஊர் தேவாலயங்களில் பல காலமாகவே இருக்கிறது. சி.எஸ்.ஐ. சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம், லுத்தரன் சபைகளில் பெண்கள் சங்கம், கத்தோலிக்கப் பங்குகளில் மாதா சபை, அன்பியம்... பெயர்தான் வேறு வேறு. பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு, அதன்பின் ஒரு டம்ளர் காபி. 'இதில் உடல்நலத்துக்கு என்ன சம்பந்தம்?' என்று நினைக்கிறீர்களா? நிறைய இருக்கிறது. அதிலும் சின்னக் குழந்தை வைத்திருக்கிற அம்மாக்கள் தனியாகக் கூடும் குழு என்றால், அது மருந்துக்கடையில் கிடைக்காத மருந்து!

ஐந்தாம் மாதம் பஸ் ஏறும் நாள்

நம் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். பச்சை உடம்புக்காரி என்று பத்தியச் சாப்பாடு, வெந்நீர்க் குளியல். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட பாட்டி, தூளி ஆட்ட சித்தி, ராத்திரியில் தோளில் போட்டு நடக்க அம்மா. மூன்று மாதம் அல்லது ஐந்து மாதம் இந்தக் கவனிப்பு கிடைக்கும். பிறகு நல்ல நாள் பார்த்துப் புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். அத்தனை கைகளும் ஒரே நாளில் விலகிவிடும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்த மாற்றம் இன்னும் கூர்மையானது. அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள். பெரம்பலூர் பக்கம் டயர் தொழிற்சாலை, கல்லூரிகள். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். கணவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் அவளும் குழந்தையும்தான். கணவர் வெளிநாட்டில், மாமனார் மாமியார் காட்டு வேலையில் என்று இருக்கும் வீடுகளும் உண்டு. பெரம்பலூர் டவுனில் ரயில் நிலையம்கூடக் கிடையாது. ஓர் அவசரம் என்றால் அம்மா அங்கிருந்து இரண்டு பஸ் மாறித்தான் வந்து சேர வேண்டும்.

குழந்தை கைக்கு அடங்காமல் புரளத் தொடங்கும் நேரம் அது. ராத்திரி தூக்கம் பாதி. ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு தொடங்க வேண்டும். சந்தேகங்கள் நூறு வரும், கேட்கத்தான் ஆள் இல்லை. உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் உதவி நின்றுபோகிறது!

நம் மாநிலத்து ஆய்வு சொல்வது

வேலூர் மாவட்டத்துக் கிராமப் பெண்களைக் கர்ப்ப காலத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. குழந்தை பெற்றவர்களில் 11 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஒன்பதில் ஒருவருக்கு, பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நோய் புதிதாக வந்திருந்தது. காரணங்கள் என்ன தெரியுமா? வருமானக் குறைவு, ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் குழந்தை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கர்ப்ப காலத்தில் ஏற்பட்ட துயரச் சம்பவங்கள், கைவேலைக்கு உதவ ஆள் இல்லாதது.

கடைசிக் காரணத்தைக் கவனித்தீர்களா? அதைச் சரிசெய்ய டாக்டர் தேவையில்லை, பக்கத்து வீட்டு அக்கா போதும்.

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும், எரிச்சல் படுவதும் சகஜம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அது 'சும்மா வர்ற அழுகை' இல்லை, நோய். சில மாதங்கள் கழித்துத் தொடங்குவதும் உண்டு. ரத்தசோகை, தைராய்டு கோளாறு இவையும் இதே மாதிரி சோர்வைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

வாய் வராமல் நின்ற அம்மையார்

தாய்மார் சங்கங்களுக்கு ஒரு சுவையான பூர்வீகம் உண்டு. இங்கிலாந்தில் ஓல்டு ஆல்ரெஸ்ஃபோர்டு என்கிற கிராமத்துச் சபை ஐயரின் மனைவி மேரி சம்னர். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, தன் இளமையில் தனக்கு வழிகாட்ட யாரும் இல்லாமல் திண்டாடியது அவருக்கு நினைவு வந்தது. 1876-ல் ஏழை, பணக்காரர் பேதமில்லாமல் ஊர்த் தாய்மார்களை அழைத்தார். முதல் கூட்டத்தில் பேச எழுந்தவருக்குக் கூச்சத்தில் வாயே வரவில்லை! 'அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் பேசினார். அந்தத் தாய்மார் சங்கம் இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் 40 லட்சம் உறுப்பினர்களோடு இயங்குகிறது.

வேதாகமத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கர்ப்பமான இளம்பெண் மரியாள், முதிய வயதில் கர்ப்பமாக இருந்த தன் உறவுக்காரி எலிசபெத்தைத் தேடி மலைநாட்டுக்குப் போகிறாள். ஏறக்குறைய மூன்று மாதம் அவளோடு தங்குகிறாள். கத்தோலிக்கர்கள் மே 31-ல் இந்தச் சந்திப்பைத் திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள். வயதில் மூத்தவளும் இளையவளும், இரண்டு கர்ப்பிணிகள், ஒருவருக்கொருவர் துணை. தாய்மார் குழுவின் சாரம் இதுதான்.

அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சிக்குப் போயிருக்கிறீர்களா? வீரமாமுனிவர் அங்கே எழுப்பிய கோவிலில் மாதாவுக்குப் பெயரே அடைக்கல மாதா. அந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்து அவர் கலம்பகமும் பாடினார். பிள்ளையை இடுப்பில் சுமந்து அங்கே வரும் தாய்மார்களில் எல்லா மதத்தவரும் உண்டு. அடைக்கலம் தேடும் மனசு எல்லோருக்கும் பொதுதானே! அந்த அடைக்கலத்தை வாரத்துக்கு ஒரு முறை, நம் தெருவிலேயே கொடுக்க முடிந்தால்?

பேசினால் உயிர் பிழைக்குமா?

பிழைத்திருக்கிறது! ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலக் கிராமங்களில் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு பெண்கள் குழுக்களை மாதம் ஒருமுறை கூட்டியது. நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல, உள்ளூர்ப் பெண்கள். தாய்-சேய் நலப் பிரச்னைகளைப் பேசி, என்ன செய்யலாம் என்று தாங்களே முடிவு செய்தார்கள். மூன்று வருட முடிவு 2010-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. குழு நடந்த கிராமங்களில் பச்சிளங்குழந்தைகளின் மரணம், நடக்காத கிராமங்களைவிட 32 சதவீதம் குறைவு. மூன்றாவது வருடத்தில் தாய்மார்களிடம் நடுத்தர அளவு மனச்சோர்வும் 57 சதவீதம் குறைந்திருந்தது. முதல் இரண்டு வருடத்தில் மனச்சோர்வில் அப்படியொரு மாற்றம் தெரியவில்லை என்பதையும் கவனியுங்கள். நட்பு ஊற நாளாகும். நாலு கூட்டம் நடத்திவிட்டு 'ஒண்ணும் பிரயோஜனமில்லை' என்று விட்டுவிடக் கூடாது.

கூட்டம் எப்படி இருந்தால் நல்லது?

உங்கள் சபையில் சின்னக் குழந்தைகளின் அம்மாக்களுக்கென்று தனிக் குழு இல்லையா? ஃபாதரிடமோ, ஐயரம்மாவிடமோ சொல்லித் தொடங்கலாம். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

நேரம்: காலை பதினொரு மணி சௌகரியம். பெரிய பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும், சமையலும் முடிந்திருக்கும். ஒன்றரை மணி நேரம் போதும்.

இடம்: தரையில் பாய். குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கக் கூடாது! பால் கொடுக்கத் திரை போட்ட ஒரு மூலை இருக்கட்டும்.

முதல் கால் மணி: பாட்டு, ஜெபம்.

அடுத்த அரை மணி: ஒரே ஒரு விஷயம். இந்த வாரம் இணை உணவு என்றால் கேழ்வரகுக் கூழும், மசித்த பருப்புச் சாதமும் செய்து காட்டலாம். அடுத்த வாரம் வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கரைக்கும் விதம். எத்தனை தண்ணீர் என்பதைப் பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி அளந்து ஊற்ற வேண்டும். கிராம சுகாதார நர்ஸ், அங்கன்வாடி டீச்சர் இவர்களை அழைத்தால் தடுப்பூசி அட்டையையும் எடை அட்டையையும் பார்த்துச் சொல்வார்கள்.

மீதி நேரம்: மனம் விட்டுப் பேச. இதுதான் உயிர்நாடி. மூத்தவர்கள் உபதேசம் செய்யாமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மூன்று விதிகளைக் கண்டிப்பாக வையுங்கள். ஒன்று, இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. இரண்டு, 'என் பிள்ளை ஏழு மாசத்துலயே தவழ்ந்தான், உன் பிள்ளை இன்னும் தவழலையா?' என்ற ஒப்பீடு கூடாது. நிறம், எடை பற்றிய பேச்சும் அப்படியே. மூன்று, குழந்தைக்குக் காய்ச்சல், சளி என்றால் அன்று வீட்டில் இருக்கட்டும். மற்ற குழந்தைகளுக்குத் தொற்றிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வருகைப் பதிவு. வந்தவர்களை எண்ணுவதற்காக இல்லை, வராதவளைக் கண்டுபிடிக்க! மனம் சோர்ந்தவள் முதலில் செய்வது கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவதுதான். இரண்டு வாரம் ஒருத்தி வரவில்லையா? 'பெரிய ஆளாயிட்டா' என்று பேசாதீர்கள். ஒரு அக்கா தூக்குப்போசியில் குழம்போடு போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். "நான் குழந்தையைப் பார்த்துக்கறேன், நீ ஒரு மணி நேரம் தூங்கு கண்ணு" என்ற ஒரு வார்த்தை எத்தனை பெரிய ஆறுதல்!

ஜெபமும் வேண்டும், டாக்டரும் வேண்டும்

இங்கே ஓர் எச்சரிக்கை. அழுதுகொண்டே இருக்கும் பெண்ணைப் பார்த்து "உனக்கு விசுவாசம் பத்தாது", "நல்லா ஜெபம் பண்ணு, சரியாயிடும்" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே 'நான் நல்ல அம்மா இல்லையோ' என்று குமைந்துகொண்டிருப்பவளுக்கு, 'நான் நல்ல விசுவாசியும் இல்லையோ' என்ற பாரமும் சேர்கிறது. அதன்பிறகு வாயே திறக்க மாட்டாள். சர்க்கரை நோய்க்கு ஜெபமும் செய்கிறோம், மாத்திரையும் போடுகிறோம் அல்லவா? இதற்கும் அப்படித்தான். தாய்ப்பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் பார்த்துத் தருவார். பயந்து பாலையும் நிறுத்த வேண்டாம், மருந்தையும் தவிர்க்க வேண்டாம்.

ஆயிரம் பிரசவத்தில் ஒன்று, இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், கடுமையான மனக்குழப்பம் வருவதுண்டு. தூக்கமே இல்லாமல் இருப்பாள், சம்பந்தமில்லாமல் பேசுவாள், காதில் குரல் கேட்கிறது என்பாள். பேய் பிடித்துவிட்டது என்று விரட்டக் கூட்டிப் போகாதீர்கள். அது அவசர சிகிச்சை வேண்டிய நோய். நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தால் நன்றாகக் குணமாகும்.

உடனே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டிய அறிகுறிகள்

* இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை.

* குழந்தை தூங்கினாலும் தான் தூங்க முடியாமல் தவிப்பது.

* பசியின்மை. குழந்தையைத் தூக்கவே மனம் வராமல் இருப்பது.

* 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயம். இப்படிச் சொல்பவளை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' 14416, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108. அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை இலவசம்.

நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி, இந்த யோசனை உங்கள் தெருவுக்கும் பொருந்தும். பிள்ளையார் கோவில் மண்டபம், பள்ளிவாசல் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணை, குவார்ட்டர்ஸ் மொட்டை மாடி... நாலு அம்மாக்கள் பாய் விரித்து உட்கார எந்த இடமும் போதும். கணவன்மார்களே, அந்த ஒன்றரை மணி நேரம் அவள் போய்வர நீங்கள் வழிசெய்து கொடுத்தால் அதுவே பெரிய உபகாரம். மாமியார்மார்களே, "போயிட்டு வாம்மா, பேரனை நான் பார்த்துக்கறேன்" என்று அனுப்பி வையுங்கள்.

அடுத்த முறை கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போகும்போது, குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன்னால் பெற்றவளிடம் கேளுங்கள்: "நீ எப்படிம்மா இருக்கே?" கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.