வாழைக்குள் உறங்கும் வைரஸ்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழை முக்கியப் பயிர். ஜி-9 செழித்து நிற்கையில், பக்கத்துப் பூவன் இலையில் மட்டும் மஞ்சள் கீற்றுகள் தோன்றிப் பின் கருகுவதுண்டு. இது கீற்று வைரஸ் நோய். இதனால் வளர்ச்சி குன்றும், தார் சிறுக்கும்.

இந்த வைரஸ் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. வாழையின் மரபணுவிலேயே அது பதிந்து உறங்குவதை 1999-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இது 'பால்பிசியானா' என்னும் காட்டு வாழை வழி வந்த குணம். பூவனில் அவ்வழி கலந்துள்ளது. ஜி-9 ரகத்தில் இல்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு, தட்பவெப்ப மாறுதல், திசு வளர்ப்பு போன்றவற்றால் கலப்பு ரகங்களில் வைரஸ் விழித்தெழக்கூடும். மாவுப்பூச்சி மூலமும் கன்று மூலமும் ஜி-9 ரகத்துக்கும் நோய் தொற்றலாம்.

நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை. ஆகவே அதைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். கன்று எடுக்கும் தாய்மரத்தைப் பல மாதங்கள் கவனித்து, கீற்று இல்லாததையே தேர்ந்தெடுக்க வேண்டும். திசு வளர்ப்புக் கன்று வாங்கும்போது வைரஸ் பரிசோதனைச் சான்றைக் கேட்டுப் பெறுவது அவசியம். மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்தி, கோடையில் தண்ணீர் தவறாமல் பாய்ச்சிவந்தால் பூவன் விவசாயிகள் நட்டத்தைக் குறைக்கலாம்.