1.6 ரியாக்டிவ்: அந்த எண் சொல்வது என்ன?

குடலிறக்கத்துக்கோ கண்புரைக்கோ அறுவை சிகிச்சை என்று நாள் குறித்துவிட்டால், சர்க்கரை, உப்பு அளவோடு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி சோதனைகளையும் லேபில் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். ரிப்போர்ட்டின் கடைசியில் 'ஆன்டி எச்.சி.வி. ரியாக்டிவ்' என்று வந்துவிட்டால் அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால், அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஓர் எண்ணும் இருக்கும். ஒருவருக்கு 1.6, இன்னொருவருக்கு 14.2. இருவர் கையிலும் அதே 'ரியாக்டிவ்'தான். ஆனால், இருவர் நிலையும் ஒன்றல்ல.

இந்தச் சோதனைக்கான குழியின் உட்பரப்பில் ஹெபடைடிஸ் சி வைரஸின் (எச்.சி.வி.) புரதத் துண்டுகளை ஒட்டி வைத்திருப்பார்கள். நம் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை அதில் விடும்போது, அந்தப் புரதங்களை அடையாளம் காணும் ஆன்டிபாடி (உடலின் எதிர்ப்புப் புரதம்) இருந்தால் அங்கேயே பற்றிக்கொள்ளும். மீதியைக் கழுவிவிட்டு, நிறமோ ஒளியோ தரும் வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். எவ்வளவு ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு ஒளி. அதைக் கருவி அளந்து, அந்தச் சோதனை கிட்டுக்கென்று குறித்த எல்லை மதிப்பால் வகுக்கும். விடை 1-ஐத் தொட்டாலே ரியாக்டிவ்.

இந்த எல்லையை வேண்டுமென்றே தாழ்வாகத்தான் போட்டிருக்கிறார்கள். சோதனை பிறந்ததே தானமாக வரும் ரத்தத்தை வடிகட்டத்தான். 1970களில், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வரும் கல்லீரல் அழற்சியில் பெரும்பகுதி ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை என்று அமெரிக்காவின் ஹார்வி ஆல்ட்டர் காட்டினார். அந்த மர்ம வைரஸை 1989-இல் கைரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹாட்டன் குழு கண்டுபிடித்தது. மறு ஆண்டே சோதனை வந்துவிட்டது. ஆல்ட்டர், ஹாட்டன், இதே வைரஸை ஆராய்ந்த சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்த வங்கிக்கு, நல்ல ரத்தம் ஒரு பையைக் கொட்டுவது சின்ன நஷ்டம்; வைரஸ் உள்ள பையைத் தவறவிடுவதுதான் பெரிய ஆபத்து. அந்தக் கணக்குக்குப் பொருத்தமான எல்லைக்கோடு, கண்புரைக்கு வந்த பாட்டியின் ரிப்போர்ட்டிலும் அப்படியே அச்சாகிறது.

முதல் தலைமுறைச் சோதனையில் வைரஸின் ஒரே ஒரு புரதத் துண்டுதான் இருந்தது. பொய் பாசிட்டிவ் ஏராளம். பிறகு வேறு துண்டுகளையும் சேர்த்துச் செம்மைப்படுத்தினார்கள். ஆனாலும், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கும், சில நேரம் எந்தக் காரணமும் இல்லாமலும், சம்பந்தமில்லாத ஆன்டிபாடி ஒன்று லேசாகப் பற்றிக்கொள்வது உண்டு. அப்போது எண் 1-க்கும் 3-க்கும் நடுவே தடுமாறும். உண்மையான தொற்றில் பெரும்பாலும் அது வெகு உயரத்தில் நிற்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003-இல் இதற்கு அளவுகோல் தந்தது: அப்போது புழக்கத்தில் இருந்த எலைசா கிட்களில் 3.8-ஐத் தாண்டினால், நூற்றில் 95-க்கு மேல் அந்த ஆன்டிபாடி உண்மையானது. வேறு ஒரு கருவிக்கு அதே எல்லை 8. ஆகவே, எந்தக் கருவி என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்டவும் கூடாது.

இன்னொன்று, சோதிக்கப்படுபவர் யார் என்பது. ஒரு கூட்டத்தில் 200 பேரில் ஒருவருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். 10,000 பேரைச் சோதித்தால் உண்மையான நோயாளிகள் 50 பேர். சோதனை நூற்றுக்கு 99.5 துல்லியம் என்றாலும், தொற்றில்லாத 9,950 பேரில் ஏறத்தாழ 50 பேரைத் தவறாகப் பிடித்துவிடும். நூறு ரியாக்டிவ், பாதி பொய். அதே கிட்டை, பத்தில் ஒருவருக்குத் தொற்று உள்ள டயாலிசிஸ் பிரிவில் வைத்துப் பாருங்கள். அங்கே 10,000 பேரில் 1,000 பேர் உண்மையான நோயாளிகள். பொய் வெறும் 45. கிட் மாறவில்லை, ஆள்தான் மாறினார். பழைய காலத்து ரத்த ஏற்றம், போதை ஊசி, பச்சை குத்தியது, பல வருட டயாலிசிஸ் என்றெல்லாம் டாக்டர் துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான்.

ஆன்டிபாடி உண்மையானதே என்றாலும், வைரஸ் இன்னும் உள்ளே இருக்கிறது என்று ஆகிவிடாது. அம்மைத் தழும்பு இருப்பவருக்கு இன்று அம்மை போட்டிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர், சிகிச்சையே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸை விரட்டிவிடுகிறார்கள். ஆன்டிபாடி மட்டும் பல்லாண்டுகள் தங்கிவிடும்.

எனவே, கேட்க வேண்டிய அடுத்த சோதனை ஆர்.என்.ஏ., லேப் மொழியில் 'எச்.சி.வி. வைரல் லோடு'. அது வைரஸின் மரபுப்பொருளையே தேடுகிறது. இருந்தால் தொற்று இருக்கிறது. ஆனாலும், பயப்படும் காலம் போய்விட்டது. சோபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் போன்ற மாத்திரைகள் பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் வேலையை முடித்துவிடும். 95 சதவீதத்துக்கு மேல் குணம். மத்திய அரசின் தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 2018 முதல் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆர்.என்.ஏ. இல்லையென்றால், ஒன்று பழைய தொற்று போய்விட்டது, அல்லது முதல் ரிப்போர்ட்டே பொய். எது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் வேறு நிறுவன கிட்டில் ஆன்டிபாடியை மறுபடி பார்க்கலாம். கடந்த ஆறு மாதத்தில் ஊசி, ரத்தம் வழியாகத் தொற்ற வாய்ப்பு இருந்தவர்கள் மட்டும் ஆர்.என்.ஏ.-வை இன்னொரு முறை எடுப்பது நல்லது.

என்னைக் கேட்டால், ரியாக்டிவ் வந்த அதே ரத்த மாதிரியில் லேபே ஆர்.என்.ஏ.-வையும் ஓட்டி, இரண்டையும் ஒன்றாகத்தான் கையில் தர வேண்டும். இரண்டு ரிப்போர்ட்டுக்கும் நடுவில் காத்துக் கிடக்கும் நாள்களில்தான் தனித் தட்டு, தனி டம்ளர், கீழாநெல்லி, உறவினர் கிசுகிசு எல்லாம் நடக்கின்றன (இந்த வைரஸ் சாப்பாட்டிலோ தொடுதலிலோ பரவாது). வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலும் இந்த ஆன்டிபாடி சோதனை உண்டு. ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டு நிற்பவருக்கு இந்த ஒரு வார்த்தை எவ்வளவு கனம் என்று சொல்ல வேண்டியதில்லை. அறுவை சிகிச்சையைக்கூட இதற்காகத் தள்ளிப்போடத் தேவையில்லை. எல்லா நோயாளிக்கும் எடுக்கும் அதே பாதுகாப்பு போதும்.

மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு ஆன்டிபாடி சோதனை இனி எப்போது எடுத்தாலும் ரியாக்டிவ் என்றே வரக்கூடும். சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் முதலில் அதை நீட்டுங்கள்.