மூன்று கோப்பைகளில் எது வேறு?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்றொரு ஊர். அங்குள்ள மதுக்கூடங்களுக்கு வந்தவர்களிடம் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சிறு கோப்பைகளில் இரண்டு பீர்களைச் சுவைக்கக் கொடுத்தார்கள். ஒன்று வழக்கமான பீர். மற்றதில் சில சொட்டு பால்சமிக் வினிகர். எதுவும் சொல்லாமல் கொடுத்தபோது பெரும்பாலோர் வினிகர் பீரைத்தான் விரும்பினார்கள். வினிகர் இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னபோது அந்த விருப்பம் சரிந்தது. மூன்றாவது கூட்டத்திடம், குடித்த பிறகு, ஆனால் எது பிடித்தது என்று கேட்பதற்கு முன்பு, உண்மையைச் சொன்னார்கள். இவர்களின் விருப்பம் ஏறக்குறைய எதுவுமே தெரியாதவர்களின் விருப்பத்தைப் போலவே இருந்தது. முன்னால் தெரிந்த செய்தி நாக்குக்கு எட்டும் சுவையையே மாற்றுகிறது. பின்னால் தெரிந்தால் அந்த வேலை நடப்பதில்லை. இந்த ஆய்வு 2006-ல் வெளியானது.

வீட்டில் பீர் காய்ச்சுபவரின் சங்கடம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. தான் எதை மாற்றினோம் என்பது அவருக்கு எப்போதும் முன்கூட்டியே தெரியும். போன மாதத்தைவிட இந்த மாதம் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் கூடுதல் என்று தெரிந்துகொண்டுதான் முதல் மடக்கைக் குடிக்கிறார். நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

(தமிழ்நாட்டில் யாரும் இதை வீட்டில் செய்து பார்க்கச் சட்டம் இடம் தராது. அமெரிக்காவிலேயே 1979 வரை மத்தியச் சட்டத்தின்படி வீட்டு பீர் குற்றம்தான். அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-ல்தான் இறங்கிவந்தன.)

பீருக்கு வேண்டியவை நான்கே: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட். ஆனால் ஒவ்வொன்றிலும் மாற்றிப் பார்க்க அத்தனை இருக்கிறது. முதல் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். மால்ட்டிலேயே இருக்கும் இரண்டு நொதிகள் அப்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கோத்த நீண்ட சங்கிலி. பீட்டா அமைலேஸ், கரும்பை நுனியிலிருந்து இரண்டிரண்டு கணுவாக ஒடிப்பதுபோல, மால்டோஸ் துண்டுகளை ஒடித்தெடுக்கும். ஆல்ஃபா அமைலேஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். முன்னது 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விரைவில் செயலிழக்கத் தொடங்குகிறது. பின்னது 70-ஐ ஒட்டியும் சுறுசுறுப்பாக இருக்கிறது. ஆகவே 64 டிகிரியில் ஊறவைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சிறு சர்க்கரைகள் அதிகம் கிடைக்கும். பீரில் இனிப்பு மிஞ்சாது, சாராயச் சத்து கொஞ்சம் ஏறும். 69 டிகிரி என்றால் ஈஸ்ட் தொடமுடியாத டெக்ஸ்ட்ரின்கள் மிஞ்சும். பாத்திரம் அதே, மால்ட் அதே, ஐந்து டிகிரிதான் வித்தியாசம்.

தண்ணீர் தனிக் கதை. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் கரைந்திருக்கிறது. அதன் சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பை வறட்சியாக, கூர்மையாகத் தூக்கிக்காட்டும். பர்ட்டனின் பேல் ஏல் என்ற பீர் புகழ்பெற்றதற்கு அந்த ஊர்க்காரர்களின் கைப்பக்குவம் பாதி என்றால் நிலத்தடிப் பாறை மீதிப் பாதி. செக் நாட்டின் பில்சன் ஊர்த் தண்ணீரில் உப்பு என்று சொல்ல அநேகமாக எதுவுமே இல்லை. அங்கே பிறந்தது மென்மையான, வெளிர்பொன் நிற லாகர் பீர். டப்ளின் தண்ணீர் காரத்தன்மை உடையது. கருக வறுத்த தானியத்தின் அமிலம் அதைச் சரிக்கட்டுவதால் அங்கே கறுப்பு ஸ்டவுட் பீர் செழித்தது. இன்று வீட்டில் காய்ச்சுபவர் உப்பு நீக்கிய தண்ணீரில் ஒரு சிட்டிகை ஜிப்சமும் ஒரு சிட்டிகை கால்சியம் குளோரைடும் போட்டுத் தனக்கு வேண்டிய ஊரின் கிணற்றை அடுப்படியிலேயே உருவாக்கிக்கொள்கிறார்.

ஈஸ்ட்டை மாற்றினால் எவரும் கண்டுபிடித்துவிடலாம். பவேரியாவின் கோதுமை பீர் ஈஸ்ட் ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டரை உண்டாக்கும். வாழைப்பழ வாசனைக்கும் காரணம் அதேதான். கூடவே கிராம்பு வாசம் தரும் இன்னொரு சேர்மமும் வரும். ஊறல் நீரைக் கொஞ்ச நேரம் 45 டிகிரி அளவில் நிறுத்தினால் மால்ட்டிலிருந்து ஃபெருலிக் அமிலம் கூடுதலாகப் பிரிந்து, ஈஸ்ட் வழியே கிராம்பு வாசமாகும். நொதிக்கும் அறையின் வெப்பம் ஏறினால் பொதுவாக வாழைப்பழம் தூக்கலாகும். பழமும் கிராம்பும் போடாத பானத்தில் பழத்தையும் கிராம்பையும் தெர்மாமீட்டரைக்கொண்டு கூட்டிக் குறைக்கலாம் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் எல்லா மாற்றமும் இப்படிப் பட்டவர்த்தனமாக வெளிப்படாது. மேலே சொன்ன டெக்ஸ்ட்ரின்களுக்குத் தமக்கென்று சுவை அநேகமாகக் கிடையாது. 64-க்கும் 69-க்கும் உள்ள வேறுபாட்டை, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் தெளிவாகக் காட்டும். நாக்கு காட்டும் என்று உறுதி இல்லை. அளவுகோலில் தெரிவது வாயில் தெரிய வேண்டும் என்று விதி எதுவும் இல்லையே.

சரி, பலமுறை காய்ச்சிப் பார்த்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் இடிக்கிறது. ஒரு தடவை காய்ச்சினால் சுமார் 19 லிட்டர், ஐம்பது புட்டி. நொதிக்க இரண்டு வாரம், புட்டியில் வாயு ஏற இன்னும் இரண்டு வாரம். ஒரே ஒரு கேள்விக்கு விடை கிடைக்க மாதம் ஒன்று ஆகிறது. ஆண்டு முழுக்கக் காய்ச்சினாலும் பன்னிரண்டு சோதனைகள்தான். இவ்வளவு குறைந்த சோதனைகளை வைத்துக்கொண்டு எதை நம்புவது?

இந்தக் கேள்விக்கு முதலில் ஒழுங்கான விடை சொன்னது பல்கலைக்கழகம் அல்ல, ஒரு பீர் ஆலை. டப்ளினின் கின்னஸ் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கத் தொடங்கியது. 1899-ல் அப்படி வந்து சேர்ந்தவர் வில்லியம் சீலி காசெட்; கணிதமும் வேதியியலும் படித்தவர், வயது 23. மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரை இறங்குகிறது என்பதை ஆய்வகத்தில் அளந்தால் ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபட்ட எண் வந்தது. எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தால் நம்பலாம்? அன்றைய புள்ளியியல் நூற்றுக்கணக்கான அளவீடுகளை எதிர்பார்த்தது. ஆலையில் அதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. 1904-ல் நிறுவனத்துக்குள் கொடுத்த அறிக்கையில், தங்களுக்கு வேண்டிய துல்லியத்துக்கு நான்கு அளவீடுகளின் சராசரியாவது வேண்டும் என்று காசெட் கணக்கிட்டார்.

அதோடு அவர் நிற்கவில்லை. லண்டனில் புள்ளியியலாளர் கார்ல் பியர்சனிடம் சென்று பயின்றார். 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் யாரோ முன்பே அளந்து வெளியிட்டிருந்தார்கள். அந்த எண்களை 3,000 அட்டைத்துண்டுகளில் எழுதி, குலுக்கி, நான்கு நான்காக எடுத்து 750 சிறு மாதிரிகளாகப் பிரித்தார். தாளில் போட்ட கணக்கு நிஜ எண்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பாடு. 1908-ல் கட்டுரை வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை நிறுவனம் விரும்பவில்லை. ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயர்தான் இருந்தது. இன்று மருந்துச் சோதனை முதல் வேளாண் ஆய்வு வரை எங்கும் ஓடுகிற ‘ஸ்டூடன்ட் டி’ சோதனை அதிலிருந்து வளர்ந்தது. கல்லூரியில் அதை மனப்பாடம் செய்த பலருக்கு அதற்குப் பின்னால் ஒரு பீர் ஆலை இருப்பது தெரியாது.

எண்ணுக்கு வழி பிறந்தது. நாக்குக்கான வழி 1940-களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் உருவானது. மூன்று கோப்பைகள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மாற்றிய பீர். “எது வேறு?” என்று மட்டும் கேட்பார்கள். எது நல்லது என்று கேட்கமாட்டார்கள். வேறுபாடே தெரியாதவரும் மூன்றில் ஒரு பங்கு சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால் எத்தனை பேர் சரியாகச் சொன்னால் நம்பலாம் என்று முன்பே கணக்குப் போட்டுவிடலாம். பன்னிரண்டு பேர் குடித்தால் நான்கு பேர் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்வார்கள். ஏழு பேர் சொன்னால்கூட அது அதிர்ஷ்டமாக இருக்க 100-க்கு ஆறேழு வாய்ப்பு உண்டு. எட்டு வந்தால் அது இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். நண்பர்கள் ஆறே பேர் என்றால் ஐவர் சரியாகச் சொல்ல வேண்டும். தனி ஆளாக இருந்தாலும் வழி உண்டு: வீட்டில் வேறொருவரை ஊற்றித் தரச் சொல்லி, மூன்று சுற்றும் பிசகாமல் கண்டுபிடித்தால், அது தற்செயலாக நடக்க 27-ல் ஒரு வாய்ப்புதான்.

கோப்பை, பீரின் நிறம் வெளியே தெரியாததாக இருக்க வேண்டும். குளிர்ச்சியும் வாயுவும் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபாட்டைச் சரியாகப் பிடித்தவர்களிடம் மட்டும்தான் பிறகு “எது பிடித்தது?” என்று கேட்பதில் பொருள் உண்டு. பிரித்தறியவே முடியாதவரின் விருப்பம் வெறும் மரியாதை. வீட்டுக்கு வந்து ஓசியில் குடிப்பவர் வேறென்ன சொல்வார்!

இவ்வளவும் செய்தாலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எதையுமே மாற்றாமல் அதே செய்முறையை இரண்டு தடவை காய்ச்சினால் இரண்டும் ஒன்றாக வருமா? ஹாப்ஸில் கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் அறுவடைக்கு அறுவடை மாறும். உயிரோடு உள்ள ஈஸ்ட்டின் எண்ணிக்கை பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். அறையின் வெப்பம் மழைநாளில் ஒன்று, வெயில்நாளில் ஒன்று. இந்த இரட்டையரையே நண்பர்கள் பிரித்துச் சொல்லிவிட்டால், இதுவரை செய்த மாற்றங்களில் எது வேலை செய்தது என்பதற்கு ஆதாரமே இல்லாமல் போகிறது. ஈஸ்ட்டை ஒப்பிடுவதாக இருந்தால், காய்ச்சி ஆறிய சாற்றை இரண்டு கலங்களில் பாதிபாதியாக ஊற்றி, இரண்டு ஈஸ்ட் போட்டு, ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இதிலிருந்து ஓரளவு தப்பும் வழி. ஊறவைக்கும் வெப்பத்தை ஒப்பிட அந்தச் சலுகை கிடையாது. அதற்கு முதலில் ஒரே சுவையை இரண்டு தடவை கொண்டுவரக் கற்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் சிக்கோ ஊரில் வீட்டு பீருக்கான பொருள்கள் விற்கும் கடை வைத்திருந்தவர் கென் கிராஸ்மன். அவரும் பால் கமுசியும் பால் பண்ணைகளிலிருந்து வாங்கிய பழைய கலங்களைக்கொண்டு சியரா நெவாடா ஆலையைக் கட்டி 1980-ல் காய்ச்சத் தொடங்கினார்கள். அவர்கள் குறிவைத்தது கேஸ்கேட் வகை ஹாப்ஸ் மணக்கும் பேல் ஏல். கடன் கழுத்தை நெரித்த அந்த நாட்களிலும் தொகுதி தொகுதியாகச் சாக்கடையில் கொட்டினார்கள். நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அடுத்த தொகுதியும் அப்படியே வர வேண்டும் என்று காத்திருந்து, அதன் பிறகே கடைக்கு அனுப்பினார்கள்.