விசா இருந்தும் 'ஓவர்ஸ்டே' ஆவது எப்படி?

பாஸ்போர்ட்டில் பத்து ஆண்டு அமெரிக்க விசிட்டர் விசா. ஆனாலும், போய் இறங்கிய ஏழாவது மாதமே ஒருவர் 'ஓவர்ஸ்டே' கணக்கில் சேர்ந்துவிடலாம்.

விசா வாசல்வரை போக உதவும். உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையக் குடிநுழைவு அதிகாரிதான் முடிவு செய்வார். 'ஐ-94' பதிவில் அவர் குறிக்கும் தேதிதான் கெடு. சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரும்பாலும் 6 மாதம் கிடைக்கும். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்காமல் அதைத் தாண்டினால் ஓவர்ஸ்டே. இடையில் விசா காலாவதியானாலும், ஐ-94 கெடு மிச்சமிருக்கும்வரை சிக்கல் இல்லை.

திருட்டுத்தனமாக எல்லை தாண்டியவரை இந்தச் சொல் குறிக்காது. முறையாக நுழைந்து, நேரத்தில் கிளம்பாதவரையே குறிக்கும். விருந்துக்குப் போய் எழுந்திருக்க மனமில்லாதவரையும் ஆங்கிலத்தில் இப்படிக் கிண்டலடிப்பதுண்டு. இந்திய ராணுவத்திலோ விடுப்பை 'ஓவர்ஸ்டே' செய்வது குற்றம். விடுப்பு முடிந்தும் தக்க காரணமின்றித் திரும்பாத வீரருக்கு 3 ஆண்டுவரை சிறை என்கிறது 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 39-வது பிரிவு.

வெளிநாட்டில் தங்கும் கெடுவைத் தாண்டினால் கிடைக்கும் தண்டனை நாட்டுக்கு நாடு வேறு.

அமெரிக்காவில் 1996-இல் வந்த சட்டப்படி, 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் பொதுவாக 3 ஆண்டு உள்ளே வர முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ ஆனால் 10 ஆண்டு. சிங்கப்பூரில் 90 நாளைத் தாண்டினால் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படியும் விழும். பெண்களுக்கும் 50 வயது கடந்த ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். அப்படிக் கடனில் மாட்டியவர்களுக்காகவே அங்கு அவ்வப்போது பொதுமன்னிப்பு அறிவிக்கிறார்கள். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர்வரை வந்த பொதுமன்னிப்பில் அபராதம் கட்டாமலே ஊர் திரும்ப முடிந்தது.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் குழப்பம் கணக்கில்தான். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது; இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. முன்பெல்லாம் அதிகாரி பாஸ்போர்ட் முத்திரைகளைப் புரட்டி எண்ணுவார். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய முறையில் கைரேகையையும் முகத்தையும் பதிந்துகொண்டு கணினியே நாள்களை எண்ணிவிடுகிறது. முத்திரை மங்கிவிட்டது என்று சமாளிக்க இனி வழியில்லை.