பிக்கப் வண்டியின் தளத்துக்குத் தெளிப்புப் பூச்சு தேர்ந்தெடுக்கும் முறை

தானியம் கொட்டும் கூடையைச் சாணமிட்டு மெழுகிய பின்னரே உபயோகிப்பது நம் குடியானவர்களின் பழைய வழக்கம். மெழுகுவதற்கு முன் கூடையை வெயிலில் காயவைத்துத் தட்டி, தூசியைப் போக்குவார்கள். உளுத்துப்போன கூடையை எவ்வளவு மெழுகினாலும் பயனில்லை என்பதும் அவர்கள் அறிந்ததே. இக்காலத்தில் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வேலையை மாட்டு வண்டியிடமிருந்து பிக்கப் என்னும் சிறு பார வண்டி பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டது. 2005-ம் ஆண்டில் டாட்டா ஏஸ் வண்டி வெளிவந்த பின், குட்டியானை என்று ஜனங்கள் அழைக்கும் இத்தகைய சிறு வண்டிகள் கிராமந்தோறும் பரவின. அவ்வண்டியின் இரும்புத் தளமும் ஒருவகைக் கூடையே. அதை மெழுகுவதிலும் மேற்சொன்ன விதியே பொருந்தும்.

தளத்தின்மேல் ரப்பர் போன்ற தடித்த பூச்சைத் தெளித்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. இதற்குச் செலவு சொற்பமன்று. ஆதலால் எந்தப் பூச்சு, எவ்வளவு தடிப்பு, யாரிடம் கொடுப்பது என்பவற்றை முன்னதாகவே ஆலோசித்துக்கொள்வது அவசியம்.

தளத்தைக் கெடுப்பவை

கம்பெனியில் அடிக்கப்படும் பெயிண்டு மிக மெல்லியது. கருங்கல் ஜல்லி, மணல், செங்கல், இரும்புக் கலப்பை முதலியன ஏற்றி இறக்கப்படும்போது அது கீறுபடுகிறது. கீறலின் வழியே ஈரம் புகுந்து துருப்பிடிக்கிறது.

இதனினும் அதிகக் கெடுதி செய்பவை உரங்கள். மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதிலுள்ள குளோரைடு, சமையல் உப்பைப் போலவே, இரும்பை விரைவில் அரிக்கும். அம்மோனியம் சல்பேட்டும் சூப்பர் பாஸ்பேட்டும் அமிலத் தன்மை உடையவை. காற்றின் ஈரப்பதம் சுமார் 73 சதவீதத்தைத் தாண்டினால் யூரியா தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மூட்டையிலிருந்து சிந்திய யூரியா தகட்டின்மேல் ஈரப் படலமாக நிற்பது இதனாலேயே. தொழு உரத்திலும் கோமியத்திலும் உள்ள உப்புகளும் இவ்வாறே வேலை செய்கின்றன.

பூச்சின் வகைகள்

முதலாவது, தனியே வார்த்து உள்ளே பொருத்தும் பிளாஸ்டிக் தட்டு. இதைக் கழற்றி மாட்டலாம், விலையும் குறைவு. ஆனால் தட்டுக்கும் தகட்டுக்கும் இடையே நீரும் மண்ணும் தங்கும். வண்டியின் அதிர்ச்சியில் தட்டு உராய்ந்து பெயிண்டைத் தேய்க்கும். துரு கண்ணுக்குத் தெரியாமல் வளரும். ரப்பர் விரிப்புக்கும் இக்குறை உண்டு. எனினும் விரிப்பை வாரந்தோறும் எடுத்துக் கழுவி உலர்த்துதல் எளிது.

இரண்டாவது, பிரஷ் அல்லது ரோலர் கொண்டு தேய்க்கும் பூச்சு. இதைச் சொந்தமாகவே செய்துகொள்ளலாம். தடிப்பு அரை மில்லிமீட்டர் அளவே வரும். இலேசான பாரங்களுக்கு இது போதுமானது.

மூன்றாவது, இயந்திரத்தால் தெளிக்கப்படும் பூச்சு. இதில் பாலியூரித்தேன், பாலியூரியா, இரண்டும் கலந்தது என மூன்று பிரிவுகள் உண்டு. பாலியூரித்தேனை 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்னும் ரசாயன நிபுணரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்தனர். தெளிப்புப் பாலியூரியா 1980-களில் அமெரிக்காவில் உருவானது. இரண்டுக்கும் ஐசோசயனேட் என்னும் திரவமே ஒரு பாதி. மறுபாதி, பாலியூரித்தேனில் பாலியால்; பாலியூரியாவில் அமீன். இரு திரவங்களும் தனித்தனிக் குழாய்களில் வந்து துப்பாக்கியின் முனையில் கலந்து தகட்டில் படிகின்றன. உயர்ந்த ரக இயந்திரங்கள் இவற்றைச் சுமார் 65 முதல் 80 டிகிரி வரை சூடாக்கி, சதுர அங்குலத்துக்குச் சுமார் 2,000 பவுண்டு அழுத்தத்தில் தெளிக்கும்.

பாலியூரியா சில விநாடிகளில் இறுகிவிடும். ஈரக் காற்றினால் அதிகம் பாதிக்கப்படாது. ஆனால் இவ்வளவு விரைவில் இறுகுவதால் தகட்டின் நுண்ணிய பள்ளங்களில் ஊறிப் பிடிக்க நேரம் போதாமற் போகக்கூடும். ஆகையால் தகட்டைச் சொரசொரப்பாக்கி, ஏற்ற பிரைமர் அடித்தல் இதற்கு மிகவும் முக்கியம். பாலியூரித்தேன் மெதுவாக இறுகும். விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் ஈரம் பட்டால் கரியமில வாயு உண்டாகிப் பூச்சில் குமிழிகள் விழும். மழைக்காலத்தில் திறந்த பட்டறையில் பாலியூரித்தேன் தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

தடிப்பும் பாரமும்

காய்கறிப் பெட்டி, பால் கேன், வைக்கோல் முதலியவற்றை மட்டும் ஏற்றுபவருக்கு 1½ முதல் 2 மில்லிமீட்டர் தடிப்புப் போதும். ஜல்லி, செங்கல், இரும்புச் சாமான் ஏற்றுபவர் தளத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேட்க வேண்டும். பக்கப் பலகைகளுக்கு அதில் பாதி இருந்தாலும் பாதகமில்லை.

10 அடி நீளமும் 5½ அடி அகலமும் உள்ள தளத்தையும், 1¼ அடி உயரமுள்ள நான்கு பக்கங்களையும் சேர்த்தால் பரப்பு சுமார் 94 சதுர அடி, அதாவது 8.7 சதுர மீட்டர். முழுவதும் 3 மில்லிமீட்டர் பூசினால் பூச்சின் எடை ஏறக்குறைய 29 கிலோ. இது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கு. ஏற்றும் பாரத்தில் இவ்வளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இக்கணக்குக்கு மற்றொரு பயனும் உண்டு. சதுர மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் வீதம் 3.3 கிலோ சரக்குத் தேவை. பட்டறையார் மொத்தம் 12 கிலோ சரக்கே செலவாகும் என்று கூறினால், தடிப்பு எங்கும் சொன்ன அளவுக்கு வராது என்பதை உடனே அறியலாம்.

மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் பாரம் வழுக்காது. ஆனால் சிந்திய தானியத்தைக் கூட்டி எடுப்பது கடினம். நெல்லையும் நிலக்கடலையையும் மூட்டையின்றிக் கொட்டி ஏற்றுபவர் வழவழப்பான மேற்பரப்பைக் கேட்பது நலம்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். சாதாரண ரகப் பூச்சு வெயிலில் மங்கி வெளுக்கும்; பலம் உடனே குறைந்துவிடாது. நிறம் மாறாத அலிபாட்டிக் ரகத்துக்கு விலை அதிகம். பார வண்டிக்கு அச்செலவு வீண். கறுப்பு நிறம் வெயிலில் மிகவும் சூடேறும். கீரையும் பூவும் ஏற்றுபவர் சாம்பல் நிறத்தைக் கேட்கலாம். படுதா போடுவதையும் விடலாகாது.

பூச்சுக்கு முந்திய வேலை

இரண்டு குடியானவர்கள் ஒரே வகைப் பழைய வண்டிக்கு ஒரே சரக்கைத் தெளித்துக்கொண்டதாகக் கொள்வோம். ஒருவர் வண்டியில் துருவைச் சுரண்டி, கிரீஸைப் போக்கி, இரண்டு நாள் வேலை செய்த பின் தெளித்தனர். மற்றவர் வண்டியை நீரால் கழுவி அன்று மாலையே தெளித்துக் கொடுத்துவிட்டனர். திரும்பி வந்த அன்று இரு வண்டிகளும் ஒன்றுபோலவே மினுங்கும். இரண்டாம் வண்டியில் பூச்சின் அடியே அடைபட்ட துரு வளர்ந்துகொண்டிருக்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. அது பூச்சைத் தூக்கிவிடும். தடித்த பூச்சு கிழியாமல் மேலே நிற்பதால் கேடு வெளியே தெரியாது. கடைசியில் ஒரு நாள் பாரத்தோடு தகடு உள்வாங்கும்போதே தெரியவரும். அப்போது பூச்சுச் செலவோடு புதுத் தளத்தின் செலவும் சேரும். வண்டிக் கடனின் தவணையோ நிற்காது.

ஆகையால் பூச்சின் பெயரைவிடப் பூச்சுக்கு முன் நடக்கும் வேலையே முக்கியமானது. அவ்வேலை பின்வரும் வரிசையில் நடக்க வேண்டும்.

1. ஓட்டை விழுந்த, மெலிந்த இடங்களை முதலில் வெட்டி வெல்டிங் செய்துவிட வேண்டும். பூச்சுப் போட்ட பின் அதன்மேல் வெல்டிங் செய்தால் விஷ வாயுக்கள் எழும்.

2. சோப்பு நீராலும் பின்னர் தின்னராலும் கிரீஸ், எண்ணெய், உரப் படிவு யாவற்றையும் போக்க வேண்டும். பின்பு தகட்டின்மேல் சுத்த நீரை ஊற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். நீர் ஒரே படலமாகப் பரவினால் தகடு சுத்தம். தாமரை இலைமேல் போல முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

3. பழைய வண்டியில் துருவை மணல் போன்ற துகள்களை வீசும் இயந்திரத்தாலோ கிரைண்டராலோ வெள்ளை இரும்பு தெரியும் வரை போக்க வேண்டும். புது வண்டியில் பெயிண்டின் மினுமினுப்பு முழுவதும் மறையும்படி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

4. தூசியைத் துடைத்து, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். தகட்டின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது அதிகமாக இருத்தல் வேண்டும் என்பது பூச்சு வேலையில் பொதுவான விதி. மார்கழிக் காலையில் வெயில் ஏறிய பின்னரே தொடங்க வேண்டும்.

5. நீர் வடியும் துவாரங்கள், பக்கப் பலகையின் கீல்கள், கழற்ற வேண்டிய போல்ட்டுகள் ஆகியவற்றை ஒட்டுத்தாளால் மறைக்க வேண்டும். துவாரம் அடைபட்டால் தளம் குளமாகும்.

மாதிரித் தகடு

வேலையைச் சோதிக்க எளிய உபாயம் ஒன்று உண்டு. ஒரு சாண் சதுரமுள்ள இரும்புத் தகட்டைப் பட்டறையில் கொடுத்து, வண்டிக்குச் செய்யும் யாவற்றையும் அதற்கும் அதே நேரத்தில் செய்யச் சொல்ல வேண்டும். மறுநாள் அதன் பூச்சைக் கத்தியால் குறுக்காகக் கீறி, ஓரத்தை நெம்பி உரிக்க வேண்டும். தோல்போல உரிந்து வந்தால் வேலை பழுது. சிறு சிறு துண்டாகப் பிய்த்தெடுக்க வேண்டியிருந்தால் பிடிப்பு நன்று. அத்துண்டைக் கொண்டு தடிப்பையும் அளக்கலாம். பிசுபிசுப்பான இடங்கள் இருந்தால் இரு திரவங்களும் சரியான அளவில் கலக்கவில்லை என்பது பொருள். அவ்விடங்கள் எத்தனை நாளானாலும் இறுகா.

கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் குழுவோ பொதுவில் வைத்திருக்கும் வண்டிக்கு விலைப்புள்ளி கேட்கும் கிராம அதிகாரிகள், தொகையை மட்டும் ஒப்பிடலாகாது. துரு நீக்கும் முறை, பிரைமர், தளத்திலும் பக்கத்திலும் தடிப்பு, மாதிரித் தகடு, பூச்சு உரிந்தால் திரும்பச் செய்து தரும் காலம் ஆகிய ஐந்தையும் எழுத்தில் பெறுதல் வேண்டும். இவை இல்லாத குறைந்த விலை, உண்மையில் குறைந்த விலை அன்று.

எச்சரிக்கை

தெளிக்கும்போது எழும் ஐசோசயனேட் புகை ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமற் போனால், பின்னர் மிகச் சொற்ப அளவும் மூச்சை அடைக்கும். முகத்தில் துணி கட்டுவது பாதுகாப்பாகாது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாத பட்டறையில் வேலை கொடுப்பது பணியாளரின் உயிரோடு விளையாடுவதாகும். சொந்தமாக ரோலர் பூச்சுப் போடுவோரும் டப்பாவில் எழுதியுள்ள எச்சரிக்கையைப் படித்து, கையுறை அணிந்து, திறந்த வெளியில், குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதபடி செய்ய வேண்டும்.

பராமரிப்பு

தெளித்த பின் ஒரு நாளாவது பாரம் ஏற்றாதிருக்க வேண்டும். உரமும் எருவும் ஏற்றிய அன்றே நீரால் கழுவி, பின்கதவைத் திறந்து வைத்து உலர்த்த வேண்டும். ஆழமாக வெட்டுப்பட்டால் தாமதியாமல் அவ்விடத்தைச் சுரண்டி ஒட்டுப் போட வேண்டும். தளத்தின் அடிப்புறத்தை இப்பூச்சு காப்பதில்லை. அதற்கு ஆண்டுதோறும் தனியே பெயிண்டு அடிக்க வேண்டும். பூச்சி மருந்தும் உணவுப் பொருளும் ஒரே நடையில் ஏற்றலாகாது. சொரசொரப்பான பூச்சின் பள்ளங்களில் மருந்து தங்கும் என்பதை மறக்கலாகாது.

வைக்கோலும் காலிச் சாக்கும் மட்டுமே ஏற்றுபவருக்கு இப்பூச்சு அவசியமில்லை. நல்ல பெயிண்டும், அடிக்கடி எடுத்து உலர்த்தும் ரப்பர் விரிப்பும் போதும். உரமும் ஜல்லியும் ஏற்றுபவருக்கு, வண்டி புதிதாக இருக்கும்போதே, துருப்பிடிக்கு முன் செய்துகொள்வது அநுகூலம். பழைய வண்டியானால் சுத்தியலால் தளத்தை எங்கும் தட்டிப் பார்த்து, தகடு பலமாக இருந்தால் மட்டுமே செலவு செய்ய வேண்டும். கூடை உளுக்குமுன் மெழுகுவதே புத்தி.