இடைவெளி இல்லாத சுவிச்

நிலாவெளி தாண்டிப் புல்மோட்டை வீதியில் போனால் இறக்கக்கண்டிப் பாலம் வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இந்த உப்புக் காற்றில் ஒரு பட்டறை வைத்தால் சுவிச்சுக்குள் இருக்கும் செம்பிலும் பித்தளையிலும் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறிவிடும்.

களிம்பை விடப் பெரிய எதிரி தீப்பொறி. அறுவை மெசினை நிறுத்தும்போது சுவிச்சின் தகடுகள் பிரிந்தாலும் கரண்ட் உடனே நிற்காது. நடுவிலுள்ள காற்றையே வழியாக்கிக்கொண்டு ஒரு கணம் பாயும். அந்த நீலப் பொறி ஒவ்வொரு தரமும் தகட்டில் கொஞ்சத்தை உருக்கிவிட்டுத்தான் அணையும்.

சொலிட் ஸ்டேட் ரிலே என்னும் சுவிச்சில் தகடே கிடையாது. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய அந்தக் கட்டிக்குள் ஒரு குட்டி எல்இடி இருக்கிறது. மூன்று வோல்ட் கொடுத்தால் எரியும். அதன் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி எதிரே உள்ள சிலிக்கன் துண்டில் விழும். இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை, ஒளி மட்டும்தான். அந்தச் சிலிக்கன், எதிரெதிராகப் பூட்டிய இரண்டு தைரிஸ்டர்களைத் தட்டி எழுப்பும்.

1957இல் ஜெனரல் எலக்ட்ரிக் பொறியியலாளர்கள் உருவாக்கிய தைரிஸ்டருக்கு ஒரு விசித்திரக் குணம். லேசாகத் தூண்டினால் திறந்துகொள்ளும். மூடு என்றால் கேட்காது. அதனூடாக ஓடும் கரண்ட் தானாக வற்றினால்தான் மூடும். பற்றரிக் கரண்டில் இது பெரும் தொல்லை. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடுவதோ 50 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்தைத் தொடுகிறது. ஆகவே நிறுத்தச் சொன்னபின் அதிகம் போனால் 10 மில்லிசெக்கன் காத்திருந்து, கரண்ட் இல்லாத நொடியில் மூடிக்கொள்ளும். பொறி எங்கிருந்து வரும்?

மோட்டரில் ஒரு சிக்கல். அங்கே கரண்ட் பூச்சியமாகும்போது வோல்டேஜ் பூச்சியத்தில் இராது; அது சட்டென்று ஏறிப் பாய்ந்து தைரிஸ்டரை மறுபடி எழுப்பிவிடலாம். அதைத் தடுக்க ரிலேக்குக் குறுக்கே ஒரு மின்தடையும் கொள்ளளவியும் வைப்பார்கள். அந்த வழியாகச் சில மில்லிஅம்பியர் எப்போதும் கசியும். மெசின் நின்றிருந்தாலும் வயரைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம்.

வெல்டிங் பிளான்ட்டில் கதை தலைகீழ். அதன் ட்ரான்ஸ்போமரை வோல்டேஜ் பூச்சியத்தில் இருக்கும்போது போட்டால் இரும்பு உள்ளகம் காந்தத்தால் நிரம்பி வழிந்து, முதல் அலையிலேயே பெருங்கரண்டை இழுத்து பிரேக்கரை விழுத்தலாம். அதற்குப் பூச்சியம் பார்க்காமல் உடனே திறக்கும் வகையே பொருத்தம். பூச்சியம் பார்த்துத் திறக்கும் வகையும் பார்க்காமல் திறக்கும் வகையும் கடையில் வெளியே ஒரே மாதிரித்தான் இருக்கும்.

சூட்டையும் மறக்கக் கூடாது. அம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். 20 அம்பியர் ஓடினால் சுமார் 25 வாட். மேலே 40 அம்பியர் என்று அச்சிட்டிருப்பது, கட்டியை நல்ல அலுமினியத் தகட்டில் சூடு கடத்தும் பசை தடவிப் பூட்டியவருக்கு மட்டும் செல்லும்.

சூடேறிச் சாகும்போது பெரும்பாலும் மூடிச் சாகாது, திறந்தே சாகும்: மெசின் நிற்காமல் ஓடும். இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் பழைய தகட்டுச் சுவிச்சான கொன்டாக்டரைக் கழற்றி எறிவதில்லை. ரிலேக்கு முன்னால் தொடராகப் போட்டு, அவசரத்தில் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அதோடு இணைப்பார்கள். வழக்கமாக நிறுத்தும்போது ரிலே கரண்டை முதலில் வெட்டும், அரைச் செக்கன் கழித்துக் கொன்டாக்டர் பிரியும். அப்போது அதன் தகடுகளுக்கு நடுவே பொறியாக வெடிக்குமளவு கரண்ட் மிஞ்சியிராது.