வக்கீலுக்குப் படித்தால் வாதாடித்தான் ஆகணுமா? சத்தமில்லாத சட்டப் பணிகள்!

"என்ன, கோர்ட்டுக்குப் போறியா?"

சட்டம் படித்து முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில், கல்யாணம், காதுகுத்து என எந்த விசேஷம் வந்தாலும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. "இல்லைங்க, ஒரு கம்பெனியில சேர்ந்திருக்கேன்" என்று பதில் வந்தால் போதும். "அப்போ படிச்ச படிப்பு வீணா?" என்று அடுத்த கேள்வி அப்பா, அம்மாவை நோக்கித் திரும்பிவிடும்.

வக்கீல் என்றதுமே நமக்கு நினைவுக்கு வருவது சினிமா வக்கீல்தான். மேஜையைத் தட்டுவார், எதிர்த்தரப்பு சாட்சியைத் திணறடிப்பார், கடைசி நிமிடத்தில் ஓர் ஆதாரத்தை நீட்டுவார். நிஜ நீதிமன்றம் அப்படி இல்லை. வாய்தாக்களும் காத்திருப்பும் அங்கே அதிகம். ஆனாலும், எதிரில் நிற்பவரோடு மோதுவது அந்தத் தொழிலின் அடிப்படை. அது எல்லோருக்கும் ஒத்துவராது. சட்டம் பிடித்திருக்கும், ஆனால், தினமும் ஒருவரை எதிர்த்து நிற்பது பிடிக்காது. இப்படிப்பட்டவர்கள், 'நமக்குத் தைரியம் போதாதோ' என்று உள்ளுக்குள் குமைந்து போகிறார்கள்.

குமைய வேண்டியதில்லை. வந்த சண்டையைத் தீர்ப்பது சட்டத்தின் ஒரு பாதிதான். சண்டை வராமல் பார்த்துக்கொள்வது இன்னொரு பாதி. அந்த இரண்டாவது பாதியில் நிதானமும், பொறுமையாகப் படிக்கும் பழக்கமும், பிழையில்லாமல் எழுதும் கையும் உள்ளவர்களுக்கு நிறைய இடம் இருக்கிறது.

பத்திரம் பார்த்துச் சொல்பவர்

ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தில் ஒரு குடும்பம் வீட்டு மனை வாங்குகிறது. பத்திரம் சரியாக இருக்கிறதா என்று யாரிடம் கேட்கும்? 'லீகல் ஒப்பீனியன்' தரும் வழக்கறிஞரிடம். மூலப்பத்திரம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் அடமானம் ஏதும் தெரிகிறதா என்று அவர் பார்ப்பார். வில்லங்கச் சான்றில் எல்லாமே வந்துவிடாது. உதாரணமாக, உயில் அதில் தெரியாது. அதனால், காகிதத்தில் இல்லாததையும் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

ஓர் உதாரணம். இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமையை, அப்போது திருமணமாகாமல் இருந்த மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்துவிட்டது. 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம், திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆக, அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கும் பூர்வீகச் சொத்து என்றால், 'உங்களுக்கு அக்கா, தங்கை உண்டா?' என்று ஒருவர் கேட்டாக வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால், வாங்கியவர் வருடக்கணக்கில் பாகப்பிரிவினை வழக்குக்கு அலைய நேரிடும்.

இதே வேலை வங்கிகளிலும் இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளுக்காக ஐ.பி.பி.எஸ் நடத்தும் சிறப்பு அலுவலர் தேர்வில் 'சட்ட அலுவலர்' என்ற பணி உண்டு. கடன் ஆவணங்களைச் சரிபார்ப்பது, ஒப்பந்தங்களை எழுதுவது, வங்கிக்காக ஆஜராகும் வழக்கறிஞர்களை ஒருங்கிணைப்பது போன்றவை அவர்களின் அன்றாடப் பணிகள். சட்டப் பட்டத்தோடு, பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்திருப்பதும் இதற்கு அவசியம்.

கம்பெனிக்குள் ஒரு சட்டக் கண்

ஒரு நிறுவனம் கையெழுத்திடும் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் வரிவரியாகப் படித்திருப்பார். பணம் எப்போது வரும், தாமதமானால் என்ன, உறவு முறிந்தால் யார் எதைத் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெளிவாக எழுதப்பட்டால், பின்னால் நீதிமன்றம் போக வேண்டிய தேவை குறையும்.

சட்டத்தோடு கம்பெனி செக்ரட்டரி படிப்பையும் முடித்தவர்களுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களும் முழுநேரக் கம்பெனி செக்ரட்டரி ஒருவரை நியமித்தே ஆக வேண்டும் என்பது விதி.

புதிதாகத் திறந்திருக்கும் கதவு, தனிநபர் தரவுப் பாதுகாப்பு. இதற்கான சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. வாடிக்கையாளரின் போன் நம்பர் முதல் மருத்துவ விவரம் வரை கையாளும் நிறுவனங்கள் இனி கவனமாக இருக்க வேண்டும். தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சம்மதப் படிவத்தைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும் மொழியில் எழுதத் தெரிந்த சட்டப் பட்டதாரிக்கு இங்கே வேலை இருக்கிறது.

மல்லிகைக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் சட்டம்

மதுரை மல்லி, பழநி பஞ்சாமிர்தம், திண்டுக்கல் பூட்டு, காஞ்சிபுரம் பட்டு ஆகிய நான்குக்கும் பொதுவானது, புவிசார் குறியீடு. இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில்தான். ஒரு பொருளின் வரலாறு, தயாரிப்பு முறை, அந்த மண்ணோடு அதற்குள்ள தொடர்பு ஆகியவற்றை ஆதாரங்களோடு தொகுத்து விண்ணப்பிப்பது நுணுக்கமான எழுத்து வேலை. உற்பத்தியாளர் சங்கங்களுக்கு அந்த உதவி தேவைப்படுகிறது.

வணிகக் குறியீடு பதிவு செய்வதும் இதே வகைதான். வீட்டில் ஊறுகாய் போட்டு ஆன்லைனில் விற்கும் ஒருவர் தன் பிராண்ட் பெயரைக் காப்பாற்ற நினைத்தால், அதே போன்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப்பார்த்து, சரியான பிரிவில் விண்ணப்பிக்க ஒருவர் வேண்டும். மற்றவர்கள் ஆட்சேபித்தால் மட்டுமே வாதம், பிரதிவாதம் வரும்.

காப்புரிமையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேடன்ட் ஏஜென்ட் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம். சட்டப் பட்டம் மட்டும் போதாது. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு மூன்று வருடச் சட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு இது பொருத்தமான பாதை.

சொல்லைச் சுமப்பவர்கள்

உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் பதிவாகும் சாட்சியங்களும், தமிழில் எழுதிய பத்திரங்களும் மேல்முறையீட்டுக்குப் போகும்போது மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. இரு மொழியும் சட்டமும் தெரிந்தவர்களால்தான் இதைச் சரியாகச் செய்ய முடியும். கிரயம் வேறு, ஒத்தி வேறு. ஒரு தந்தை எழுதிவைத்த ஆவணத்தில் 'இன்று முதல்' என்று இருக்கிறதா, 'என் காலத்துக்குப் பிறகு' என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது தான செட்டில்மென்டா, உயிலா என்பதே மாறிவிடும். செட்டில்மென்ட் என்றால் உரிமை உடனே கைமாறும். உயில் என்றால், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றலாம். மொழிபெயர்ப்பில் சறுக்கும் ஒரு சொல் ஒரு குடும்பத்தின் வீட்டையே இடம் மாற்றிவிடும்.

சட்ட இதழ்களுக்காகத் தீர்ப்புகளைப் படித்துச் சாரத்தைச் சுருக்கி எழுதும் பணியும் உண்டு. சென்னையில் 1891-ல் தொடங்கிய 'மெட்ராஸ் லா ஜர்னல்' முதல் இன்றைய இணையத் தீர்ப்புத் தொகுப்புகள் வரை, இப்படி எழுதுபவர்களை நம்பித்தான் நடக்கின்றன.

கற்பிக்கப் பிடித்தவர்கள் எல்.எல்.எம் முடித்து, நெட் தேர்வில் தேறி, சட்டக் கல்லூரி ஆசிரியர் ஆகலாம். அரசுப் பணி விரும்புபவர்கள் டி.என்.பி.எஸ்.சி குரூப் 2 தேர்வு மூலம் சார்பதிவாளர் ஆகலாம். அதற்கு எந்தப் பட்டமும் போதும் என்றாலும், பத்திரச் சட்டம் படித்தவருக்கு அந்த நாற்காலி அந்நியமாக இருக்காது.

நடுவில் உட்காருபவர்

சமரசம் செய்துவைக்கும் மீடியேட்டர் பணியையும் பலர் விரும்புகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-ல் சமரசத் தீர்வு மையம் தொடங்கியது. நீதிமன்றங்களோடு இணைந்த சமரச மையங்களில் இது நாட்டுக்கே முன்னோடி. 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்குகளில், அவசரத் தடை உத்தரவு தேவைப்பட்டால் தவிர, முதலில் சமரசத்துக்கு முயன்ற பிறகே வழக்குப் போட முடியும். 2023-ல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டமும் வந்துவிட்டது.

மீடியேட்டர் தீர்ப்பு சொல்ல மாட்டார். யார் பக்கமும் சாய மாட்டார். இரு தரப்பும் பேசுவதைக் கேட்டு, அவர்களே ஒரு முடிவுக்கு வர வழி செய்வார். ஆனால், 'இது அமைதியான வேலை' என்று எண்ணி இதில் இறங்கக் கூடாது. பிரியப்போகும் கணவன், மனைவி ஒரே அறையில் அழுவதையும் கத்துவதையும் மணிக்கணக்கில் தாங்க வேண்டியிருக்கும். சண்டை உங்களுடையது இல்லைதான். ஆனால், அதன் சூடு உங்கள் மீதும் படும். பயிற்சியும் வேண்டும், அனுபவமும் வேண்டும். கல்லூரி முடித்த கையோடு கிடைக்கும் வேலையும் அல்ல.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் கட்டாயம். மகளிர் நலனுக்காக உழைத்த, இந்தப் பிரச்னையைப் புரிந்த சட்டப் பட்டதாரிகளுக்கு இதில் பங்கு உண்டு. இங்கும் கனம் அதிகம். 90 நாள்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும்.

கதவை மூடும் முன்...

நீதிமன்றம் வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கு முன், சில விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, பார் கவுன்சில் பதிவு. நேரே கம்பெனிக்குப் போவதாக இருந்தாலும், பதிவு செய்துகொள்வது பின்னால் கைகொடுக்கும். பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் வசூலிக்கக் கூடாது, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அகில இந்திய பார் தேர்வையும் படித்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டே வழக்கறிஞர் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழில் செய்வதை நிறுத்திவைக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு மீண்டும் தொடரலாம்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளிடம் லா கிளார்க்காகப் பணியாற்றிய காலமும் இதில் சேரும். என்றாவது நீதிபதி ஆக வேண்டும் என்ற ஆசை மனதின் ஓரத்தில் இருந்தால், அந்த மூன்று ஆண்டுகளை முதலில் முடித்துவிடுவது பாதுகாப்பு. நோட்டரி ஆவதற்கும் பத்து ஆண்டுத் தொழில் அனுபவம் தேவை. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழு ஆண்டுகள்.

ஜூனியராக இருக்கும் காலத்தில் வருமானம் இருக்காதே என்ற பயம் நியாயமானது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. சீனியரிடம் சேரும்போதே இதைப் பேசிவிடுவதில் தவறில்லை.

எது உங்களுக்கு?

படிக்கும்போதே இதற்கு விடை தேடலாம். ஐந்து வருடப் படிப்பில் குறைந்தது 20 வாரங்கள், மூன்று வருடப் படிப்பில் 12 வாரங்கள் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். அதை முழுவதும் ஒரே வக்கீல் ஆபீஸில் கழிக்காமல், சில வாரங்கள் கம்பெனியின் சட்டப் பிரிவில், சில வாரங்கள் பத்திரம் பார்ப்பவரிடம், சில வாரங்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எனப் பிரித்துக்கொண்டால், எந்த இடத்தில் மனம் ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

எது பிடிக்கவில்லை என்பதையும் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டும். பலர் முன் பேசுவது பயம் என்றால், அது பழகப் பழகப் போகும். அதற்காகக் கோர்ட்டை விட வேண்டாம். நிச்சயமற்ற வருமானம்தான் பிரச்னை என்றால், வங்கியும் அரசுப் பணியும் இருக்கின்றன. அடுத்தவர் கோபத்தைத் தாங்க முடியவில்லை என்றால், மீடியேஷன் வேண்டாம். ஒப்பந்தமும் மொழிபெயர்ப்பும் சரிவரும். பிழை வந்துவிடுமோ என்ற பதற்றம் தூங்க விடாது என்றால், பத்திரம் பார்க்கும் வேலை சரிப்படாது. மோதல் இல்லாத வேலை உண்டு. பொறுப்பு இல்லாத வேலை கிடையாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வழக்கில் ஜெயிக்கும் வக்கீலின் பெயர் ஊருக்குத் தெரியும். வழக்கே வராமல் தடுத்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால், அக்கா தங்கையின் கையெழுத்தைக் கேட்டு வாங்கச் சொன்ன அந்த ஒருவரால்தான் ஒரு குடும்பம் வாங்கிய வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறது. உங்கள் பிள்ளை அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தால், படித்த படிப்பு வீண் போகவில்லை.